வாக்காளர் அடையாளச் சான்று (இந்தியா)

வாக்காளர் அடையாளச் சான்று என்பது, வாக்களிக்க வந்திருப்பவர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அதே நபர்தான் என்பதை வாக்குச்சாவடியில் மெய்ப்பிக்க உதவும் ஆவணம் ஆகும். இந்தியாவில் இந்தியத் தேர்தல் ஆணையம் வழங்கும் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை இவற்றுள் முதன்மையானது. அவ்வட்டை இல்லாதவர்கள், ஒவ்வொரு தேர்தலின்போதும் ஆணையம் அறிவிக்கும் மாற்று ஆவணங்களுள் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம்.

வாக்களிப்பதற்கு அரசு வழங்கிய அடையாள ஆவணம் கட்டாயமாக இருக்க வேண்டுமா என்பது பல நாடுகளில் விவாதிக்கப்பட்டுவரும் வினாவாகும். இந்தியச் சூழலில் இது இரண்டு தனி வினாக்களாகப் பிரிகிறது. ஒன்று, வாக்குச்சாவடியில் எழுவது: வந்திருப்பவர் பட்டியலில் உள்ளவர்தானா? மற்றொன்று, பட்டியல் தயாரிக்கப்படும்போது எழுவது: இவர் பட்டியலில் இடம்பெறத் தகுதியுடையவரா? இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்பட்டாலும், இவற்றுக்கான சட்டங்களும் கேட்கப்படும் ஆவணங்களும் வேறானவை. இக்கட்டுரை இந்திய நடைமுறையைத் தூத்துக்குடி மாவட்டக் கடலோரப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சட்ட அடிப்படை

இந்தியாவில் வாக்குரிமையைத் தருவது அட்டை அன்று. வாக்காளர் பட்டியலே ஆகும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, ஒரு தொகுதியின் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் அத்தொகுதியில் வாக்களிக்க முடியாது. பெயர் உள்ள ஒவ்வொருவரும், சட்டம் கூறும் தகுதியின்மைகள் இல்லாதவிடத்து, வாக்களிக்க உரிமை உடையவர். எனவே அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க இயலாது. அட்டையைத் தொலைத்துவிட்டவரின் பெயர் பட்டியலில் இருந்தால் அவருடைய உரிமை அழிந்துவிடுவதில்லை.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு இரண்டு வழிகளைக் குறிப்பிடுகிறது. முதலாவது, விரலில் அழியா மை இடுதல். இரண்டாவது, அடையாள அட்டைகள் வழங்கப்பட்டுள்ள தொகுதிகளில் அவற்றைக் காட்டுமாறு கோருதல். அட்டை வழங்குவதற்கான விதி, 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளில் 28ஆம் விதியாக இடம்பெற்றுள்ளது.

வேறொருவர் பெயரில் வாக்களிப்பது குற்றமாகும். இது முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 172, 174 ஆகிய பிரிவுகளின் கீழ் வருகிறது.

வரலாறு

தொடக்க காலம்

1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் அடையாள அட்டை ஏதும் இருக்கவில்லை. வாக்காளர் தம் பெயரைக் கூறுவார். அலுவலர் பட்டியலைப் பார்ப்பார். ஊராரை அறிந்த வேட்பாளர்களின் முகவர்கள் உடனிருப்பர். விரலில் மை இடப்படும். அத்தேர்தலில் சிக்கல் வாக்குச்சாவடியை விடப் பட்டியலிலேயே பெரிதாக இருந்தது. வட இந்தியாவின் சில மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தனர். சொந்தப் பெயர் இல்லாத இத்தகைய பதிவுகளை ஆணையம் ஏற்கவில்லை. இதனால் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

1962ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் அழியா மையை மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் தயாரித்து வழங்கி வருகிறது. இதன் வாய்பாடு தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. மையில் உள்ள வெள்ளி நைட்ரேட்டு தோலுடன் வினைபுரிந்து, எளிதில் கழுவ இயலாத கறையை உண்டாக்குகிறது.

கல்கத்தா முன்னோட்டம்

புகைப்பட அட்டை வழங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் 1958இல் நிறைவேறியது. 1960இல் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலில் இது முன்னோட்டமாகச் செய்து பார்க்கப்பட்டது. சுமார் 3.42 லட்சம் வாக்காளர்களில், பத்து மாத முயற்சிக்குப் பின்னும் சுமார் 2.13 லட்சம் பேரை மட்டுமே புகைப்படம் எடுக்க முடிந்தது. ஆண் புகைப்படக்காரர்கள் முன் நிற்கப் பெண்கள் பலர் மறுத்தமை இதற்கு ஒரு காரணமாகும். அதன்பின் இம்முயற்சி நீண்ட காலம் கிடப்பில் இருந்தது. 1979இல் சிக்கிம் சட்டமன்றத் தேர்தலிலும், பின்னர் வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றிலும் புகைப்பட அட்டைகள் பயன்படுத்தப்பட்டன.

சேஷன் காலம்

நாடு முழுவதற்கும் அட்டை வழங்கும் ஆணையைத் தலைமைத் தேர்தல் ஆணையர் டி. என். சேஷன் 1993 ஆகஸ்டில் பிறப்பித்தார். அட்டை வழங்கப்படாத இடங்களில் 1995 ஜனவரி 1க்குப் பின் தேர்தல் நடத்தப்படாது என்றும் அவர் அறிவித்தார். செலவையும் கால அளவையும் காரணம் காட்டி மாநில அரசுகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. இச்சர்ச்சை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அட்டை இல்லை என்பதற்காகத் தேர்தலையே நிறுத்தி வைக்க முடியாது என்னும் நிலைப்பாடு அங்கு வலுப்பெற்றது. அட்டை கிடைக்காதவருக்கு மாற்று ஆவணங்களை ஏற்கும் முறை பின்னர் உருவானது.

புகைப்படப் பட்டியல்

அட்டையில் மட்டுமன்றிப் பட்டியலிலும் புகைப்படத்தை அச்சிடும் முறை 2000களின் நடுப்பகுதியில் தொடங்கியது. 2009 மக்களவைத் தேர்தலில் அசாம், நாகாலாந்து, ஜம்மு காஷ்மீர் தவிர்ந்த பகுதிகளில் இத்தகைய பட்டியல்கள் பயன்பாட்டுக்கு வந்தன. முகத்திரை அணியும் முஸ்லிம் பெண்களின் புகைப்படத்தைப் பட்டியலில் வெளியிடக் கூடாது எனத் தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தள்ளுபடி செய்தது. புகைப்படப் பட்டியல் வந்தபின், அலுவலர் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வாக்காளரின் கையில் உள்ள அட்டையை மட்டுமே நம்பியிருக்கத் தேவையில்லாமல் போயிற்று.

வாக்குச்சாவடி நடைமுறை

வாக்காளர் உள்ளே வந்ததும் முதல் வாக்குப்பதிவு அலுவலர் அவருடைய ஆவணத்தைப் பார்த்து, பட்டியலில் உள்ள வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்கிறார். முகவர்கள் மறுப்புத் தெரிவிக்க இதுவே வாய்ப்பாகும். இரண்டாம் அலுவலர் இடக்கைச் சுட்டுவிரலில் மை இட்டு, 17அ எனப்படும் பதிவேட்டில் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெறுகிறார். அதன் பின்னரே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வாக்களிக்க முடியும்.

2024 மக்களவைத் தேர்தலில் ஏற்கப்பட்ட மாற்று ஆவணங்கள் பின்வருமாறு:

1. ஆதார் அட்டை
2. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டப் பணி அட்டை
3. வங்கி அல்லது அஞ்சலகம் வழங்கிய, புகைப்படம் உள்ள கணக்குப் புத்தகம்
4. தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை
5. ஓட்டுநர் உரிமம்
6. வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் அட்டை
7. தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் இந்தியத் தலைமைப் பதிவாளர் வழங்கிய திறன் அட்டை
8. கடவுச்சீட்டு
9. புகைப்படம் உள்ள ஓய்வூதிய ஆவணம்
10. அரசு, பொதுத்துறை நிறுவனங்கள், பொது வரையறு நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு வழங்கிய பணி அடையாள அட்டை
11. நாடாளுமன்ற, சட்டமன்ற, மேலவை உறுப்பினர்களின் அலுவல்முறை அட்டை
12. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் உள்ள குடும்ப அட்டை இப்பட்டியலில் இல்லை. தேர்தலுக்கு முன் வீடுகளில் வழங்கப்படும் வாக்காளர் தகவல் சீட்டும் அடையாளச் சான்றாகாது. புகைப்படத்துடன் கூடிய வாக்காளர் சீட்டைத் தனி ஆவணமாக ஏற்கும் வழக்கத்தை ஆணையம் 2019இல் கைவிட்டது.

ஐயம் எழும்போது

வாக்காளரின் அடையாளத்தை ஒரு முகவர் மறுக்க விரும்பினால், இரண்டு ரூபாய் கட்டி எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரித்து முடிவு செய்வார். எதிர்ப்பு மெய்ப்பிக்கப்படாவிடின் வாக்காளர் வாக்களிக்கலாம்.

தம் பெயரில் ஏற்கனவே வேறொருவர் வாக்களித்துவிட்டதை அறியும் உண்மையான வாக்காளர், தம்மை அடையாளப்படுத்திய பின், 49பி விதியின்படி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைப் பெறலாம். இச்சீட்டு தனி உறையில் இடப்படும். இது வழக்கமான எண்ணிக்கையில் சேராது. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். 2018இல் வெளிவந்த சர்கார் திரைப்படத்தின் மூலம் இவ்விதி தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டது. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றபோது, ஆய்வுக்குரிய வாக்குகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு கள்ள வாக்கும் முடிவை மாற்றக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

தூத்துக்குடிக் கடலோரம்

தூத்துக்குடி மாவட்டம் 1986இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தூத்துக்குடி மக்களவைத் தொகுதி 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பில் உருவாகி, 2009இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. துறைமுகம், மீன்பிடிப்பு, சங்கு குளித்தல், உப்பளம் ஆகியவற்றைச் சார்ந்து வாழும் இக்கடலோர மக்களிடம் அடையாள ஆவணங்கள் குறைவு என்று கூற முடியாது. எனினும் எந்த ஆவணம் எங்கு செல்லும் என்பதில் வேறுபாடுகள் உள்ளன.

பெயர்கள்

1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியபோது போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களையும் ஏற்றனர். பெர்னாண்டோ, ரோட்ரிகோ, மச்சாது, கோமஸ் போன்ற பெயர்கள் வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள ஊர்களில் இன்றும் வழங்குகின்றன. திருமுழுக்குப் பெயர்களும் புனிதர்களின் பெயர்களாகவே அமைவதால், ஒரே வாக்குச்சாவடிப் பட்டியலில் ஒரே பெயருடைய பலர் இருப்பது இயல்பு. அவர்களைப் பிரித்தறியத் தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, புகைப்படம் ஆகியவை தேவைப்படுகின்றன. இங்கு புகைப்படச் சான்றின் பயன் தெளிவாகத் தெரிகிறது.

அதே பெயர்கள் மற்றொரு சிக்கலையும் தருகின்றன. பெர்னாண்டோ என்பது பேச்சு வழக்கில் பர்னாந்து என ஆகிறது. திருமுழுக்குப் பதிவேடு, பள்ளிச் சான்றிதழ், ஆதார், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் ஒருவரது பெயர் வெவ்வேறு எழுத்துக்களில் இருக்கக்கூடும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போது இவ்வேறுபாடு மேலும் கூடுகிறது. வந்திருப்பவர் பட்டியலில் உள்ளவர்தான் என்பதில் தலைமை அலுவலர் நிறைவடைந்தால், பதிவில் உள்ள வெறும் எழுத்துப் பிழையையும் அச்சுப் பிழையையும் பொருட்படுத்தக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகள் கூறுகின்றன. இவ்விதியை அறியாத வாக்காளர் பிழையைக் கண்டு திரும்பிச் சென்றுவிட வாய்ப்பு உண்டு.

தொழில்சார் அட்டைகள்

2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலில் தாக்கியோர் கடல் வழியாக வந்தனர். இதன் விளைவாக, கடலோர ஊர்களில் வாழும் 18 வயது நிறைந்தோருக்குத் தலைமைப் பதிவாளர் வாயிலாகத் திறன் அட்டைகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மேலே காட்டிய பட்டியலின் ஏழாவது ஆவணம் இதுவேயாகும். மீனவர்களுக்கு உயிரியளவு அடையாள அட்டை வழங்கும் திட்டமும் தனியே செயற்படுத்தப்பட்டது. கடலில் ரோந்துப் படையினரிடம் காட்ட வேண்டிய இந்த மீனவர் அட்டை, வாக்குச்சாவடிக்கான மாற்று ஆவணங்களில் பெயர் சுட்டி இடம்பெறவில்லை. இவ்வாறே, ஒப்பந்ததாரர்கள் தம் தொழிலாளர்களுக்கு வழங்கும் நுழைவுச் சீட்டும் அதில் அடங்காது.

வெளிநாட்டில் வாழ்வோர்

காயல்பட்டினம் முதலிய ஊர்களைச் சேர்ந்த பலர் வணிகத்துக்காகவும் வேலைக்காகவும் வெளிநாடுகளில் வாழ்கின்றனர். 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இத்தகைய இந்தியர்கள் தம் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வழிசெய்தது. இவர்கள் நேரில் வந்து மூலக் கடவுச்சீட்டைக் காட்டியே வாக்களிக்க வேண்டும். பிற மாற்று ஆவணங்கள் இவர்களுக்கு ஏற்கப்படுவதில்லை.

வெள்ளமும் ஆவணங்களும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி வெள்ளத்தில் மாவட்டத்தின் பல ஊர்கள் மூழ்கின. நான்கு மாதங்களுக்குப் பின், 2024 ஏப்ரல் 19இல், மக்களவைத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நடைபெற்றது. வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்திருந்த குடும்பத்திற்கு, ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்னும் ஏற்பாடு இத்தகைய வேளையில் உதவுவதில்லை. அட்டை தொலைந்தவர் 8ஆம் படிவத்தின் மூலம் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் நாட்கூலிக்கு வேலை செய்யும் உப்பளத் தொழிலாளிக்கு, அலுவலகம் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் ஊதிய இழப்பாகும்.

ஆதரவும் எதிர்ப்பும்

அடையாள ஆவணத்தைக் கட்டாயமாக்குவதை ஆதரிப்போரின் கருத்துக்கள்:

- ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூர்களில் முகவரே அடையாளம் காண்பார். மக்கள் இடம்பெயர்ந்து வாழும் நகரங்களில் இது இயலாது.
- உண்மையான வாக்காளரின் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் அதை மீட்பது கடினம். ஆய்வுக்குரிய வாக்கு வழக்கமான எண்ணிக்கையில் சேராது.
- அட்டை வாக்காளருக்கும் பாதுகாப்பு ஆகும். அது இல்லாவிடின், முகவர் ஒருவர் மறுக்கும்போது தம்மை மெய்ப்பிக்க அவருக்கு வழி குறைவு.

எதிர்ப்போரின் கருத்துக்கள்:

- அடையாளச் சான்று தடுப்பது ஆள்மாறாட்டத்தை மட்டுமே. வாக்குக்குப் பணம் கொடுத்தல், மிரட்டல், சாவடியைக் கைப்பற்றுதல் ஆகியவற்றை அது தடுப்பதில்லை.
- ஆவணம் இல்லாமற் போவோர் பெரும்பாலும் ஏழைகள், முதியோர், இடம்பெயர்ந்தோர், பேரிடரில் சிக்கியோர் ஆவர்.
- தடுக்கப்படும் கள்ள வாக்குகளை விடத் திருப்பி அனுப்பப்படும் உண்மையான வாக்காளர்கள் அதிகமாயின், நடைமுறை தன் நோக்கத்திற்கே எதிரானதாகும்.

மாற்று ஆவணங்களின் பட்டியல் எவ்வளவு விரிவானதோ அந்த அளவிற்கு இரு தரப்பு வாதங்களுக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது. அட்டை இல்லையேல் தேர்தலே இல்லை என்னும் நிலையிலிருந்து, பல ஆவணங்களுள் ஒன்று போதும் என்னும் நிலைக்கு இந்திய நடைமுறை வந்தமை இதனாலேயே.

பட்டியல் திருத்தமும் ஆவணங்களும்

வாக்குச்சாவடியில் இச்சிக்கல் ஓரளவு தீர்ந்தபின், விவாதம் பட்டியலை நோக்கி நகர்ந்துள்ளது. 2015இல் வாக்காளர் பதிவுகளை ஆதாருடன் இணைக்கும் பணி தொடங்கி, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் நிறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம், விருப்பத்தின் பேரில் ஆதார் எண்ணைத் தர வழிசெய்தது. ஆதார் கட்டாயம் அன்று என்று ஆணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஆதார் எண் இந்தியாவில் வதிபவருக்கு வழங்கப்படுவது. அது குடியுரிமைக்குச் சான்று அன்று என 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே கூறுகிறது. வாக்காளராக இருப்பதற்கோ குடியுரிமை தேவை. தூத்துக்குடி மாவட்டத்தின் தாப்பாத்தி போன்ற முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் நிலை இவ்வேறுபாட்டை விளக்குகிறது. தாம் இன்னார் என்பதை மெய்ப்பிக்க அவர்களிடம் அரசு ஆவணம் உண்டு. ஆயினும் இந்தியக் குடியுரிமை இல்லாததால் வாக்குரிமை இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்னும் சட்டத்தின் அடிப்படையில் நீதிமன்றம் சென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

2025 ஜூன் மாதம் பீகாரில் ஆணையம் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 11 ஆவணங்கள் குறிப்பிடப்பட்டன. ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும் ஆதாரும் அவற்றுள் இல்லை. வாக்குச்சாவடியில் முதன்மையாகக் கருதப்படும் அட்டை, பட்டியலில் பெயரைத் தக்கவைக்கப் போதாது என்பது பலருக்கு வியப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 8இல் ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்குமாறு ஆணையிட்டது. எனினும் அது அடையாளத்திற்கு மட்டுமே சான்றாகும், குடியுரிமைக்கு அன்று என்றும் தெளிவுபடுத்தியது.

தமிழ்நாட்டில் இத்திருத்தம் 2025 நவம்பர் 4இல் தொடங்கியது. டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரட்டைப் பதிவுகள் என இவை வகைப்படுத்தப்பட்டன. வரைவுப் பட்டியலில் விடுபட்டவர்கள் கோரிக்கை மனு அளிக்கலாம். பதிவு அலுவலரின் முடிவுக்கு எதிராக மாவட்ட ஆட்சியரிடமும், பின்னர் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடமுண்டு.

வாக்குச்சாவடியில் ஆவணம் இல்லாதவர் வீட்டிற்குச் சென்று வேறொன்றை எடுத்துவர இயலும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்குப்பதிவு நாளன்று செய்யக்கூடியது எதுவும் இல்லை. எனவே தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே பட்டியலில் தம் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது, அட்டையைப் பெறுவதை விட இன்றியமையாததாகும்.

பிற நாடுகளில்

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் உள்ள இலங்கையில், வாக்களிப்போர் தேசிய அடையாள அட்டை அல்லது ஏற்கப்பட்ட பிற ஆவணத்தைக் காட்ட வேண்டும். இந்த அட்டை 1972 முதல் வழங்கப்படுகிறது. மலையகத் தமிழர்கள் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத் தொழிலாளர் பலருக்கு, குடியுரிமை கிடைத்த பின்னும் அடையாள அட்டை பெறுவது கடினமாக இருந்தது. அட்டை இல்லாதவர்களுக்குத் தேர்தல் நிர்வாகம் தற்காலிக அடையாள அட்டை வழங்குகிறது.

ஐக்கிய இராச்சியத்தில் வட அயர்லாந்தில் 2003 முதல் புகைப்படச் சான்று கட்டாயம். இங்கிலாந்தில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் இது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அத்தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வந்தும் உரிய சான்று இல்லாமையால் வாக்களிக்காது திரும்பியோர் சுமார் 14,000 பேர் என அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. இது வாக்களிக்க வந்தோரில் 0.25 விழுக்காடு ஆகும். ஆத்திரேலியாவில் ஆவணம் கேட்கப்படுவதில்லை. பெயர், முகவரி, ஏற்கனவே வாக்களித்தாரா என்பன மட்டும் கேட்கப்படுகின்றன. கனடாவில் ஆவணம் இல்லாதவருக்கு, அதே பகுதி வாக்காளர் ஒருவர் உறுதிமொழி அளித்து உதவலாம். ஊர் முகவரின் அறிதலை நம்பிய 1952ஆம் ஆண்டு இந்திய முறையுடன் இது ஒப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- இந்தியத் தேர்தல் ஆணையம்
- டி. என். சேஷன்
- அழியா மை
- ஆதார்
- தூத்துக்குடி மக்களவைத் தொகுதி
- மலையகத் தமிழர்